‘யு’ போனால் என்ன?

ஆங்கிலத்தில் ‘கலர்’ என்று எழுதும்போது ‘யு’ போட்டால் கம்ப்யூட்டர் பல நேரம் சிவப்புக் கோடு இழுக்கிறது. போடாவிட்டால் வகுப்பில் டீச்சர் சிவப்பு மையால் சுழிக்கிறார். நடுவில் பிள்ளைகள் முழிக்கிறார்கள். இந்த இரண்டு சிவப்புக்கும் பிழையோடு சம்பந்தமில்லை. இரண்டும் ஊர் வழக்கு.

அந்த ‘யு’வை அமெரிக்காவில் ஒழித்துக்கட்டியதில் பெரும்பங்கு நோவா வெப்ஸ்டருக்கு. பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாடு தனியாகிவிட்டால் எழுத்தும் தனியாக வேண்டும் என்பது அவர் கட்சி. 1806-ல் சிறிய அகராதி ஒன்று போட்டார். எழுபது வயதை ஒட்டி, 1828-ல், பெரியதை வெளியிட்டார். ‘சென்டர்’ கடைசியில் ‘ஆர்இ’ போய் ‘இஆர்’ வந்தது. ‘மியூசிக்’ வாலில் ஒட்டியிருந்த ‘கே’யையும் வெட்டினார், அது பிரிட்டனிலும் உதிர்ந்துவிட்டது. ஆனால் நாக்கைக் குறிக்கும் ‘டங்’கை டி, யு, என், ஜி என்று நாலே எழுத்தில் எழுதச் சொன்னார் பாருங்கள், சொந்த நாட்டிலேயே ஒருவரும் கேட்கவில்லை. 1906-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களைச் சுருக்கி எழுத உத்தரவே போட்டார். காங்கிரஸ் விடவில்லை.

பிரிட்டன்காரர்களும் ஆதியிலிருந்தே ஒரே மாதிரி எழுதியவர்கள் இல்லை. 1623-ல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் ‘ஹானர்’ இரண்டு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. 1755-ல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்த பிறகுதான் அங்கே ‘யு’ அழுத்தமாக உட்கார்ந்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் வேடிக்கை: உழைப்பைக் குறிக்கும் ‘லேபர்’ சொல்லுக்கு ‘யு’ உண்டு, லேபர் கட்சியின் பெயரில் கிடையாது.

சம்பந்தி வீட்டுச் சாம்பாரில் வெல்லம் போட்டால் அது அவர்கள் கைப்பக்குவம். உப்புப் போட மறந்தால்தான் குறை. ‘ஸ்டேஷனரி’ அப்படி உப்பில்லாத கேஸ். ‘இ’ போட்டால் காகிதம், பேனா. ‘ஏ’ போட்டால் நகராமல் நிற்பது. கடைப் பலகையில் ‘ஏ’ இருந்தால் லண்டனிலும் தப்பு, நியூயார்க்கிலும் தப்பு. கொள்கைக்காக வேலையை விடுவதாக எழுதப்போய், கல்லூரி முதல்வரைக் குறிக்கும் ‘பிரின்ஸிபல்’ எழுத்தைப் போட்டாலும் அதே கதைதான்.

‘பிராக்டிஸ்’ கொஞ்சம் சிக்கல். பிரிட்டனில் பெயர்ச்சொல்லுக்கு ‘சி’, வினைச்சொல்லுக்கு ‘எஸ்’. அமெரிக்காவில் இரண்டுக்கும் ‘சி’. அதனால் யாராவது திருத்தித் தரச் சொன்னால், இது எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் பேனாவைத் திறக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் ‘யு’ இருக்கிறதென்று யாரும் இடம் மறுக்கப் போவதில்லை. முதல் பக்கத்தில் இருந்த ‘யு’ மூன்றாம் பக்கத்தில் காணாமல் போனால்தான் படிப்பவர் புருவத்தைத் தூக்குவார்.