லைட் போட்டதும் வெளிறுகிற மீன்

சிங்களத்தில் ஒரு மீனுக்கு 'புலத் ஹப்பயா' என்று பேர். வெற்றிலை மெல்லுகிறவன். கடைகளில் 'பிளாக் ரூபி பார்ப்' என்பார்கள். சோடி சேரும் காலத்தில் ஆண் மீனின் முன்பாதி வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவக்கும், பின்பாதி கறுத்துவிடும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. களனியிலிருந்து நில்வளா வரைக்குமான தென்மேற்கு ஆறுகள்தான் அதன் ஊர். அதாவது கேகாலை, இரத்தினபுரி எல்லாம் சேர்த்து. எங்கள் ஊரும் அதுதான்.

ஆனால் சப்ரகமுவ தோட்டங்களில் பிறந்து இப்போது கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேரும் இந்த மீனை முதலில் ஒழுங்காகப் பார்த்தது டவுன் மீன் கடையில்தான். வெறுங் கண்ணாடித் தொட்டி, அடியில் வெள்ளைக் கல், மேலே கண் கூசுகிற எல்.ஈ.டி. லைட். மீனோ பழைய பேப்பர் நிறத்தில் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. "வருத்தமா முதலாளி?" என்று கேட்டோம். "இல்ல மல்லி, வீட்டுக்குக் கொண்டு போனா கலர் வரும்" என்றார். பக்கத்துத் தொட்டிக்கு ரோஸ் கலர் லைட் போட்டிருந்தார்கள். அதில் செர்ரி பார்ப் எல்லாம் செக்கச் சிவப்பு. அந்தச் சிவப்பில் பாதி லைட்டுடையது.

முதலாளி சொன்னது பொய்யில்லை. போர்டிங் அறையில் கறுப்புக் கல் போட்டு, காய்ந்த வாதுமை இலை நாலைந்தை மிதக்க விட்டு, லைட்டைக் குறைத்து வைத்தோம். ஒரு கிழமைக்குள் பட்டைகள் கறுத்து வந்தன. பத்து நாளில் ஒரு ஆண் மீனின் தலையில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

மீனின் தோலில் நிறச் செல்கள் இருக்கின்றன. கறுப்புச் செல்லுக்குள் மெலனின் துகள்கள் பரவி நின்றால் மீன் கறுப்பாகத் தெரியும், நடுவில் சுருண்டு கொண்டால் வெளிறிவிடும். பயம் வந்தால் நரம்பு வழியாகச் சில நொடியிலேயே சுருண்டுவிடும். அடித்தளம் வெள்ளையாக இருந்தால் கண் வழியாக மூளைக்குச் செய்தி போய், ஹோர்மோன் வேலை செய்து, மெதுவாக வெளிறும். கிழமைக்கணக்கில் வெள்ளைத் தொட்டியிலேயே கிடந்தால் கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே குறையும். சிவப்பு வேறு கதை. அதற்கான கரோட்டினொய்டை மீனால் தானே உண்டாக்க முடியாது, சாப்பாட்டில் வர வேண்டும். எந்த பல்பும் அதைத் தராது.

இன்னொன்று, வெளிறிய மீனெல்லாம் பயந்த மீன் இல்லை. பல மீன்கள் இராத்திரி இருட்டில் இயல்பாகவே வெளுத்துத்தான் இருக்கும், காலையில் நிறம் திரும்பும். செட்டையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, செவுள் வேகமாக அடித்து, தீனிக்கும் வராமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கரண்ட் போய் இராத்திரி சட்டென்று திரும்பி வருகிற நேரம் தொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? மீன் கண்ணாடியில் போய் மோதும். அதற்கு இமை இல்லை. பெரும்பாலான மீன்களுக்கு நம்மைப் போல கண்மணி சுருங்குவதும் இல்லை. விழித்திரைக்குள் செல்கள் இடம் மாறித்தான் வெளிச்சத்துக்குப் பழக வேண்டும், அதற்குப் பல நிமிஷம் எடுக்கும். எங்கள் பக்கத்தில் சூரியன் சுவிட்ச் போட்ட மாதிரி உதிக்கிறதில்லையே. அதனால் இப்போது முதலில் ஜன்னலைத் திறக்கிறோம், அரை மணி நேரம் கழித்துத்தான் தொட்டி லைட். எட்டு, ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் எரிய விடுவதில்லை.

லீவுக்கு வீட்டுக்குப் போனபோது மாமாவிடம் போனில் படத்தைக் காட்டினோம். "இது நம்ம ஆத்து மீனுடா! சின்னதுல புடிச்சு ஹோர்லிக்ஸ் போத்தல்ல போடுவோம். கொஞ்ச நேரத்துல வெளுத்துரும். திரும்பக் கொண்டுபோயி விட்டா கறுத்துரும்" என்றார். எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர் செய்து பார்த்த பரிசோதனை அது.

அந்த ஆறு நிழலில் ஓடுகிறது. இரு கரையிலும் மரம், அடியில் மக்கிய இலை, இலையிடுக்கு வழியாக விழுகிற பொட்டு வெளிச்சம். இந்த மீனின் கறுப்பும் சிவப்பும் அதுக்குள்ளே வாழ்ந்து வந்த நிறம். கரையை வெளியாக்கினால் தண்ணீர் சுடும், ஒளிய இடம் இராது. இரத்தினக்கல் குழிச் சேறு வந்து கலந்தால் வேறு தொல்லை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் தண்ணீர் கலங்கிய இடங்களில் ஆண் மீன்களின் நிறம் மங்கிப் போவதையும், பெண் மீன்களுக்குத் தன் இனம் எதுவென்று பிரித்தறிவது கஷ்டமாகி இனங்கள் கலந்து குறைவதையும் 1997 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கேகாலை கலபிடமடைப் பக்கம் வயலுக்கும் றப்பர் காணிக்கும் நடுவே ஓடும் ஒரு சின்ன ஓடையில் 'பந்துல பார்ப்' என்ற மீன் இருக்கிறது. 1991 இல்தான் தனி இனமென்று பதிவானது. இன்று மிக மோசமான அழிவு ஆபத்தில் உள்ள இனம். ஓடை, அதன் கரைச்செடிகள், அதுதான் அதற்கு உலகம்.

தொட்டிக்குக் கறுப்புக் கல்லும் டிம் லைட்டும் வாங்க நாங்கள் நாலு பேர் காசு சேர்த்தால் போதும். ஆற்றங்கரை அப்படி இல்லை. அங்கே கத்தி பிடிக்கிறதும் மருந்து அடிக்கிறதும் எங்கள் வீட்டு ஆட்கள்தான். "கரை ஓரத்த மட்டும் விட்டுட்டு வெட்டக் கூடாதா மாமா?" என்று கேட்டோம். மாமா கொஞ்ச நேரம் போனையே பார்த்தார்.

"விடலாம்தான். கங்காணி அரைப்பேருதான் போடுவாரு. மிச்ச அரைப்பேர மீனா போடும்?"