தோர்ண்டன் ஹீத்தில் வீட்டுத் தளபாடம் தேடுவோருக்கு

தென் லண்டனில் எம்மவர் செறிந்து வாழும் இடங்களுள் தோர்ண்டன் ஹீத்தும் ஒன்று. குறொய்டன் நகரசபையின் எல்லைக்குள் உள்ள இந்த ஊருக்கு விக்ரோறியாவிலிருந்தும் லண்டன் பிறிட்ஜிலிருந்தும் ரயில் உண்டு. புகையிரத நிலையம் 1862ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஹைஸ்றீற் பக்கமாக நடந்தால் 1900ஆம் ஆண்டில் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும். யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைக் கண்டதும் ஒரு சின்னச் சந்தோசம் வரும். மறுபக்கம் பிறிக்ஸ்ரொக் றோட்டால் போனால் 'தோர்ண்டன் ஹீத் பொன்ட்' வரும். பெயரில்தான் குளம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. அதைத் தூர்த்துச் சுற்றுவட்டமாக்கி வெகுகாலம் ஆகிவிட்டது. அங்கிருந்து லண்டன் றோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கள் கடைப் பலகைகளைக் காணலாம்.

இந்த ஊர் ஒரு காலத்தில் மரத்தால் பிழைத்த ஊர். பக்கத்திலிருந்த பெருங்காட்டில் மரம் தறித்து, சுட்டுக் கரியாக்கி லண்டனுக்கு விற்றவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். அவர்களுடைய பெயரைத் தாங்கியபடி 'கொலியர்ஸ் வாட்டர் லேன்' என்ற தெரு இன்றும் இருக்கிறது. நோர்வூட் என்ற பக்கத்து ஊரின் பெயரும் அந்தக் காட்டிலிருந்து வந்ததுதான்.

இந்த இதழைக் கையில் எடுக்கும் பல குடும்பங்கள் அண்மையில்தான் வீடு கிடைத்து இங்கே குடிவந்தவை. வதிவிட அனுமதி வந்ததும் விடுதியை விட்டு வெளியேற வேண்டும். திறப்பை வாங்கி வீட்டைத் திறந்தால் நான்கு சுவர்தான் இருக்கும். சில வீடுகளில் தரைவிரிப்புக்கூட இராது. பிள்ளைகள் நிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அந்த நேரத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: எதை வாங்குவது, எங்கே வாங்குவது, எந்தக் காசில் வாங்குவது?

ஆசையும் விலையும்

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு இந்த ஊரில் புதிதாக வீடு கிடைத்தது.

"தம்பி, ரி.வி.யில காட்டுற கொட்டேஜ் வீடு மாதிரி வைக்கவேணும் எண்டு ஆசையாக் கிடக்கு. கடையில விலையைப் பாத்தாத் தலை சுத்துது."

"அக்கா, உங்கட அம்மம்மா வீட்டில என்னென்ன இருந்தது?"

"அங்க என்ன இருந்தது? ஒரு பெட்டகம், ஒரு வாங்கு, ரெண்டு பிரம்புக் கதிரை, அப்பப்பாவின்ர சாய்மனைக் கதிரை. அவ்வளவுதான்."

"கொட்டேஜ் எண்டு இவை சொல்லுறதும் அதைத்தான் அக்கா."

அக்கா சிரித்தார். ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கொட்டேஜ் என்பது இங்கிலாந்துக் கிராமத்துக் குடியானவனின் சிறு வீடு. அந்த வீட்டில் இருந்தவை பைன் மரத்தில் செய்த நீட்டு மேசை, வாங்கு, போர்வை வைக்கும் பெட்டி, கோப்பை பீங்கான் அடுக்கும் தட்டு அலுமாரி, புல்லால் பின்னிய இருக்கையுள்ள கதிரை என்பவையே. எல்லாம் கைக்கு எட்டிய மரத்தில் ஊர்த் தச்சன் செய்தவை. எங்கள் ஊரில் வேம்பும் முதிரையும் பாலையும் போல இவர்களுக்குப் பைனும் பீச்சும் எல்மும்.

'வின்ட்சர்' கதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டால் அரண்மனைச் சாமான் போல இருக்கும். ஆனால் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் என்ற ஊரைச் சுற்றிய பீச் மரக் காடுகளில் கூலித் தொழிலாளர் கால்களைக் கடைந்து கொடுக்க, ஊர்ப் பட்டறைகள் எல்ம் பலகையில் இருக்கை செதுக்கிப் பூட்டிய கதிரை அது. காலை ஆணி அடித்துப் பூட்டுவதில்லை. இருக்கையில் துளையிட்டு இறுக்கிச் செருகுவார்கள். ஏழை வீட்டுக் குசினிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாவித்த சாமான் அது.

ஏழையின் சாமானைப் புதிதாகச் செய்து, வெள்ளைப் பெயின்ற் அடித்து, மூலையைத் தேய்த்துப் பழசாக்கி, பெரிய விலைக்கு விற்கிறார்கள். புதிய சாமானைப் பழசாக்கியதற்குக் காசு கொடுப்பதை விட, உண்மையிலேயே பழசான சாமானைக் குறைந்த விலைக்கு வாங்குவது புத்தி.

குண்டு விழுந்த வீடுகளுக்குச் செய்த தளபாடம்

இந்த நாட்டவரும் வீடிழந்து வெறுங்கையோடு நின்ற காலம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் குறொய்டன் மிக மோசமாக அடிபட்டது. 1944இல் ஜேர்மனியர் ஏவிய பறக்கும் குண்டுகளில் 140க்கு மேற்பட்டவை இந்தப் பகுதியில் விழுந்தன. மரமும் தட்டுப்பாடு. ஆகவே 1942இல் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தளபாடத்துக்குப் பங்கீடு வைத்து, குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கும் புதிதாகக் கலியாணம் முடித்தவர்களுக்கும் முதலிடம் கொடுத்தார்கள். எந்தத் தொழிற்சாலை செய்தாலும் அரசாங்கம் கொடுத்த மாதிரிப்படிதான் செய்ய வேண்டும். அந்த மாதிரிகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கோர்டன் றசல், கொட்ஸ்வோல்ட் மலைப்பக்கத்துக் கிராமமொன்றில் பட்டறை நடத்தியவர். செதுக்கல் வேலை இல்லை, மினுக்கம் இல்லை, ஆனால் உறுதி. 1952 வரை இந்தத் திட்டம் நடந்தது.

அந்தக் காலத்து அலுமாரியும் இலாச்சிப் பெட்டியும் இன்றும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும்போது பின்பக்கத்தையும் இலாச்சியின் உட்புறத்தையும் பாருங்கள். வட்டத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்தது போன்ற இரண்டு உருவமும் பக்கத்தில் 41 என்ற இலக்கமும் குத்தியிருந்தால் அது அந்தச் சாமான். விலை கூடிய பளபளப்பான அலுமாரிகளுக்குப் பக்கத்தில் அது மங்கலாக நிற்கும். வீடிழந்த குடும்பங்களுக்காகச் செய்த பொருள் எங்கள் வீட்டுக்கு வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

எங்கே தேடுவது

முதலாவது, தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் கடைகள். பிறிட்டிஷ் ஹார்ட் பவுண்டேசன் போன்றவை தளபாடத்துக்கென்றே பெரிய கடைகள் வைத்திருக்கின்றன. எமாவுஸ் என்ற அமைப்பின் கடைகளும் தென் லண்டனில் உண்டு. வீடில்லாதவர்களுக்கு இடமும் வேலையும் கொடுக்கும் அமைப்பு அது. வீட்டுக்குக் கொண்டுவந்து தர எவ்வளவு என்று வாங்குவதற்கு முன்னரே கேளுங்கள். சில வேளை வாகனக் கூலி சாமானின் விலையை எட்டிவிடும். வான் வைத்திருக்கும் ஓர் அண்ணையைப் பிடித்து, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் ஏற்றினால் செலவு குறையும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பெட்டியைத் திறந்து வைத்து விற்கும் சந்தைகளும் தேவாலய மண்டப விற்பனைகளும். காலையில் போனால் நல்ல சாமான் கிடைக்கும். முடிகிற நேரம் போனால் நல்ல விலை கிடைக்கும்.

மூன்றாவது, பேர்லி வேயில் உள்ள ஐகியா. மூடப்பட்ட குறொய்டன் மின் நிலையம் இருந்த இடத்தில் 1992இல் இந்தக் கடை திறக்கப்பட்டது. பழைய புகைபோக்கிகள் இரண்டும் நீல, மஞ்சள் பட்டியோடு இன்றும் நிற்பதால் வழி தவறாது. அம்பியர் வே ட்ராம் தரிப்பில் இறங்கலாம். பெயின்ற் அடிக்காத பைன் தட்டுகள் அங்கே மலிவு. திரும்பி வந்த சாமானைக் குறைத்து விற்கும் மூலை ஒன்றும் உண்டு. புதுச் சாமான் பார்க்க முதல் அந்த மூலைக்குப் போங்கள்.

நான்காவது, தெரு. வீட்டுக்கு முன்னால் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி வைத்த மரக் கதிரையை எடுப்பதில் வெட்கம் வேண்டாம். எழுதாமல் கிடந்தால் கதவைத் தட்டிக் கேளுங்கள். ஆனால் மெத்தையையும் துணி தைத்த சோபாவையும் தெருவிலிருந்து எடுக்க வேண்டாம். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்தால், சேமித்த காசைப் போல பல மடங்கு செலவாகும்.

வாங்க முன் பார்க்க வேண்டியவை

இங்குள்ள வீடுகளில் பல, வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள். நடைபாதை ஒடுக்கம், படிக்கட்டு செங்குத்து, மேலே போய் ஒரு திருப்பம். வாசல், நடைபாதை, படிக்கட்டின் திருப்பம் மூன்றையும் அளந்து கடதாசியில் எழுதி, அளவு நாடாவையும் கையில் கொண்டு போங்கள். கழற்றிப் பூட்டக்கூடிய அலுமாரி என்றால் கவலை இல்லை.

இலாச்சியை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். மூலையில் பலகையும் பலகையும் விரல் கோத்தது போலப் பொருந்தியிருந்தால் அது நல்ல தச்சுவேலை. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, அடியில் ஈரம் பட்டதும் ஊதிவிடும். சிறு துளைகள் தெரிந்தால் அதன் கீழே புது மா போன்ற தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். கதிரையில் ஒருமுறை இருந்து, இருபக்கமும் சாய்ந்து பாருங்கள்.

சோபாவிலும் மெத்தை வைத்த கதிரையிலும் நெருப்புப் பாதுகாப்பு லேபல் தைத்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1950க்கு முன் செய்தவைக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த லேபல் இல்லாவிட்டால் தர்மக் கடைகள்கூட அதை ஏற்க மாட்டா. ஆகவே வீட்டில் யாரும் அதை வெட்டி எறிய வேண்டாம்.

பழைய பெயின்ற் அடித்த சாமானை உரஞ்சும்போது கவனம். 1960களுக்கும் அதற்கு முந்திய காலத்துக்கும் உரிய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு. பெயின்ற் படாத மரம் என்றால் மெல்லிய மட்டத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் பக்கமாக உரஞ்சி, துடைத்து, தேன்மெழுகு பூசினால் போதும். உயரமான அலுமாரியையும் இலாச்சிப் பெட்டியையும் சுவரோடு பட்டி போட்டுப் பூட்டுங்கள். வாடகை வீடென்றால் சுவரில் துளைக்க முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். குழந்தைகள் இலாச்சியைப் படியாக்கி ஏறுவார்கள்.

வாரத் தவணை

வாரம் சில பவுண் கட்டினால் சோபா, கட்டில், ரி.வி. எல்லாம் இன்றே வீட்டில் என்று சொல்லும் வியாபாரம் இந்த நாட்டில் வெகுகாலம் கொடிகட்டிப் பறந்தது. கட்டி முடிக்கும்போது பொருளின் விலையைப் போலப் பல மடங்கு போயிருக்கும். 2019 ஏப்ரலிலிருந்து இந்த வகைத் தவணைக்கு நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பு உச்சவரம்பு வைத்தது. கடனுக்கான செலவு பொருளின் விலையை விடக் கூடக் கூடாது. அப்படியிருந்தும் 300 பவுண் கட்டிலுக்கு 600 பவுண் வரை போகலாம் என்பதே அதன் கருத்து. அந்தத் துறையில் பெரிதாயிருந்த பிறைட்ஹவுஸ் கம்பனி 2020இல் முறிந்தது. கம்பனி போனாலும் தவணை வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஏஜென்சிக் கடன் கட்டி முடியாத வீட்டில் சோபாக் கடனும் சேரக் கூடாது.

வீடு என்பது

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிச் சனம் இடம்பெயர்ந்ததை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஓட்டையும் கதவு நிலையையும் கட்டிலையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிப் புறப்பட்டவர்கள், ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் முள்ளிவாய்க்காலில் ஒரு பையோடு நின்றார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் இங்கே வருடக்கணக்காகப் பெட்டியைப் பிரிக்காமல் இருக்கிறார்கள். "நாளைக்கு எழும்பச் சொன்னால் என்ன செய்யிறது?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர் இழந்ததையெல்லாம் ஒரே மாதத்தில் வாங்கிவிட நினைத்துக் கடனில் விழுகிறார்கள். இரண்டும் ஒரே காயத்திலிருந்து வருவன.

ஒரே நாளில் வீட்டை நிரப்ப வேண்டாம், வெறுமையாகவும் வைக்க வேண்டாம். முதலில் ஒரு மேசை வாங்குங்கள். நல்ல பாரமான, கோப்பை வைத்த வட்டம் பதிந்த பழைய பைன் மேசை. அதில் சாப்பிடலாம், இடியப்பம் பிழியலாம், பிள்ளை படிக்கலாம், கவுன்சில் கடிதத்தை நாலு பேராக இருந்து வாசிக்கலாம். பிறகு கதிரைகள். நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை, கிராமத்து வீடுகளில் ஒருபோதும் அப்படி இருந்ததுமில்லை. அதன் பிறகு ஒரு பெட்டி. அம்மம்மாவின் பெட்டகம் போல, குளிர்காலப் போர்வையை வைத்து மூடி, மேலே இருக்கவும் செய்யலாம்.

மாறும்போது பழையதை நடைபாதையில் எறிய வேண்டாம். இங்கிலாந்தில் கவுன்சில் அதற்கு 1,000 பவுண் வரை தண்டம் விதிக்க முடியும். கவுன்சிலுக்கு அறிவித்தால் கட்டணத்துக்கு வந்து ஏற்றுவார்கள். அதை விட நல்லது, கோயிலிலோ தமிழ்க் கடையிலோ சொல்லி வைப்பது. உங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் வெறும் வீட்டின் திறப்போடு வந்து நிற்கும்.