கிணற்று நீரும் கண்ணாடித் தொட்டியும்

வீட்டிலே மீன் வளர்க்க விழைவோர் பெரும்பாலும் கண்ணாலேயே தேர்கின்றனர். கடையில் நிற்கும் ஒருவன் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, வரியுள்ளது ஒன்று எனச் சுட்டுகின்றான். ஆறு இனங்கள் ஆறு பைகளில் வீடு சேர்கின்றன. ஒரு கிழமைக்குள் பாதி மிதந்துவிடுகின்றன. 'கைராசி இல்லை' என்கின்றனர் வீட்டார். அங்கே குறைந்தது ராசியன்று. தேர்வுக்கு முன் வேண்டிய அறிவே.

எந்த மீன் எதனோடு வாழும் என்ற வினாவுக்கு முன், எந்த மீன் எந்த நீரில் வாழும் என்ற வினா நிற்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் பாறைக்குள் இறங்கிய மழைநீரையே கிணறுகள் தருகின்றன. கேத்திலின் அடியிற் படியும் வெண்படை, அது வன்னீர் என்பதற்குச் சான்று. தென்னமெரிக்கக் கப்பியும் மத்திய அமெரிக்காவுக்குரிய மொலியும் இந்நீருக்கு இணங்குவன. மொலி சிறிது உவர்ப்பையும் தாங்கும். ஆயின், 1929 இல் தெரணியகல விவரித்த செரி பார்ப், இலங்கைக்கே உரியதாயினும், தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலோடைகளில் மென்னீரை நாடி வாழ்வது. ஒரே தீவிற் பிறந்தமை ஒரே நீருக்குப் பொருத்தமாகிவிடாது.

ஒரே நீரை விரும்புவனவும் ஒருங்கு வாழும் என்பதற்கில்லை. ஏஞ்சல் மீனும் நியோன் ரெற்றாவும் அமேசன் வடிநிலத்தவை. எனினும் வளர்ந்த ஏஞ்சல் சிறிய ரெற்றாவை விழுங்கிவிடும். ரைகர் பார்ப் இரண்டு மூன்றாக விடப்படின் ஏஞ்சலின் நீண்ட செட்டைகளைக் கடிக்கும். ஆறுக்கு மேற்பட்ட கூட்டமாயின் தமக்குள்ளேயே துரத்தி விளையாடுவது மிகுதி. சயாமியப் போர்மீனின் ஆண்கள் இரண்டை ஒரு தொட்டியில் விடவே கூடாது.

இலங்கையின் கடனீரேரிகளில் வாழும் குரோமைட் மீன்கள் இரண்டின் உறவு இங்குச் சிந்திக்கத்தக்கது. செம்மஞ்சட் குரோமைட்டின் குஞ்சுகள் பச்சைக் குரோமைட்டின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவாக்குகின்றன. அதே இனமே பச்சைக் குரோமைட்டின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பதும் உண்டு. நட்பும் பகையும் ஒருங்கே அமைந்த இவ்வுறவு ஏரியிலே நிலைபெறுகின்றது. அங்கே விலகிச் செல்ல இடமுண்டு. கண்ணாடித் தொட்டியில் அஃதில்லை. ஏரியிற் கூடி வாழ்பவை தொட்டியிலும் கூடி வாழும் எனக் கொள்வோர் மறப்பது இதனையே.

எண்ணிக்கையும் பொருத்தத்தின் ஒரு கூறே. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைகொள்ளச் சில கிழமைகள் செல்லும். வெப்பமும் காரத்தன்மையும் கூடிய நீரில் அமோனியாவின் நச்சு மிகும். யாழ்ப்பாணத்து நீரோ இரண்டும் உடையது. ஆதலால் ஒரே நாளில் தொட்டியை நிறைப்பது பிறவிடங்களைவிட இங்கே கேடு மிக்கது. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் உரத்தின் விளைவாக நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரை மாற்றி ஊற்றுவதால் மட்டும் தொட்டி தூய்மையாகாது.

பொருந்தாத மீனைக் குளத்தில் விட்டுவிடுதல் கருணையாகத் தோன்றலாம். பாசி தின்னும் என விற்கப்படும் தென்னமெரிக்கக் கவசக் கெளிறு இன்று இலங்கை நீர்த்தேக்கங்களிற் பரவியிருத்தல் அக்கருணையின் விலையை உணர்த்தும்.

எனவே, முதலில் நீரையும், அடுத்து மீனின் முழு வளர்ச்சியையும், பின்னர் அதன் குணத்தையும், இறுதியாக எண்ணிக்கையையும் நோக்குக. நிறத்தைப் பார்ப்பது அதன் பின்னரே ஆகட்டும். தொட்டியின் அயலவரைத் தேரும் உரிமை மீனுக்கு இல்லை. அவ்வுரிமை முழுவதும் வளர்ப்பவன் கையிலே உள்ளது. உரிமை முழுவதும் ஒருவனிடம் இருக்குமாயின், பொறுப்பும் முழுவதும் அவனுடையதே.