ஒரு ராத்திரி வாடகை

குமுளிக்கு மேலே ஒரு வில்லாவில் போன மாசம் ஒரு ராத்திரி தங்கினேன். பணம் நண்பருடையது. மூங்கில் கூரை, வெயிலில் சுடும் வெந்நீர், மழைநீர்த் தொட்டி. வாடகையில் ஒரு பங்கு காட்டு மிருகங்களின் பாதுகாப்புக்குப் போவதாக மேஜை மேலிருந்த அட்டை சொல்லிற்று. பரிகசிக்கத் தோன்றவில்லை, போகட்டும், நல்லதுதான். படுக்கை சுகமாயிருந்தது. தலையணை இலவம்பஞ்சு. அதுதான் தூங்கவிடவில்லை.

மாமாவுக்கு வருசநாட்டுக்கு மேலே, மலைச்சரிவில் இலவமரங்கள் இருந்தன. பட்டா கிடையாது. அந்தச் சரிவில் அநேகரிடம் கிடையாது. கோடையில் காய் வெடிக்குமுன் பறித்துக் காயவைத்து, ஓடு நீக்கி, கொட்டை பிரித்து, மூட்டையாகப் போடிக்கு அனுப்புவார். அந்த நாட்களில் வீட்டில் எல்லோருக்கும் மூக்கில் பஞ்சு. மேகமலை சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்துப் புலிகள் காப்பகம், நாட்டில் 51வது. மாமா இப்போது கடமலைக்குண்டில் மகள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். காரணம் காப்பகம் மட்டுமல்ல, முழங்காலும்தான். வைகை பிறக்கிற காடு மொட்டையானால் கீழே என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை.

தேக்கடியில் சரித்திரம் வேறு மாதிரி. நாம் படகில் போய் யானை பார்க்கும் ஏரி, வைகைப் பாசன வயல்களுக்கென்று 1895ல் கட்டி முடித்த அணையின் தேக்கம். 1934ல் திருவாங்கூர் சமஸ்தானம் அதைச் சுற்றிய காட்டைக் காப்பிடமாக்கிற்று. எடப்பாளையத்தில் ராஜா தங்கிய மாளிகை பிறகு விடுதியாயிற்று. காட்டைக் காப்பதும் காட்டில் சொகுசாகத் தங்குவதும் ஒரே கையின் காரியமாகத்தான் தொடங்கியிருக்கின்றன. இதில் நமக்கு அதிர்ச்சியடைய உரிமையில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் தொண்ணூறுகளில் அங்கே ஒன்று நடந்தது. திருட்டுத்தனமாக வயணப்பட்டை உரித்தவர்களையும் வேட்டைக்காரர்களையும் வழக்குகளிலிருந்து மீட்டு வழிகாட்டிகளாக்கினார்கள். காலையில் அப்படி ஒருவரோடு நடந்தேன். மரத்தில் புலி நகம் இழுத்த கோடுகளைக் காட்டினார். கையை மரத்தின் மேல் வைக்கவில்லை, ஒரு சாண் தள்ளியே பிடித்திருந்தார். “முன்னயும் இந்தத் தடத்துலதான் வருவோம்” என்றார். எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமாவுக்கும் அவர் மலையில் இப்படி ஒவ்வொரு தடமும் தெரியும். அவரிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

திரும்புகையில் கடமலைக்குண்டு போனேன்.

“ஒரு ராவுக்கு எம்புட்டு மாப்ளே?”

மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார்.

“புலி பாத்தியா?”

“இல்ல மாமா.”

“அது காட்டாது” என்றார், சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு படுக்கை எப்படி என்று விசாரித்தார். தலையணையைச் சொன்னேன்.

“நம்ம பக்கத்துப் பஞ்சா?”

தெரியவில்லை என்றேன். அது பொய்யில்லை.