எலெக்‌ஷன் சிநேகம்

என்னிடம் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் யாரும் நம்புவதில்லை. நம்பிய ஒரே ஒருவர், ஏழு மாதமாக இழுத்தடித்த ஐந்நூறு ரூபாய்க் கைமாற்றை மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து நீட்டிவிட்டார்.

தாத்தா சொத்து ஸார் அது. ரெட்டியார்பாளையத்தைச் சுற்றி வயலும் தோப்புமாக இருந்த காலத்தில், பயிரைக் காப்பாற்ற வாங்கினாராம். வயலெல்லாம் இப்போது 'நகர்' ஆகிவிட்டது. நான் காப்பாற்ற வேண்டிய பயிர், மொட்டை மாடியில் ஒரு துளசியும் ஒரு கறிவேப்பிலையும்தான். 2014-ல் அப்பா போன பிறகு, வாரிசு என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். பி.காம் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

2016 சட்டசபைத் தேர்தல் வந்தது. எலெக்‌ஷன் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும், முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். பாட்டியின் பழைய சேலையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போனேன். அங்கே பெஞ்சில் வரிசையாக நாலைந்து பேர், ஆளுக்கொரு நீள மூட்டையோடு. பிரசவ ஆஸ்பத்திரி வராந்தா மாதிரியே இருந்தது. "மொதல் தடவையா தம்பி?" என்று வேறு கேட்டார் ஒருவர்!

கேட்டவர் ரிட்டயர்டு வாத்தியார். என் துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை வானத்துக்குக் காட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"என்ன எண்ணெய் போடறீங்க?"

"தேங்காயெண்ணெய் ஸார்."

"அதைத் தலைக்குத் தடவுங்க. இதுக்குத் தையல் மெஷின் எண்ணெய். நம்ம ஊர் உப்புக் காத்துக்கு மாசம் ஒரு தடவை துடைக்கணும்."

'பன்னெண்டு போர்' என்றால் என்ன என்பதையும் அன்றைக்கு அவர்தான் சொல்லித் தந்தார். குழலின் விட்டத்துக்குச் சரியாக ஈயக்குண்டு வார்த்தால், ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு குண்டு வரும். அதுதான் கணக்கு. காமர்ஸ் படித்தவனுக்கு இது உடனே புரிந்தது.

அப்புறம் 2019, 2021... ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அதே பெஞ்ச், அதே கோஷ்டி. வில்லியனூர்ப் பக்கத்துத் தோப்புக்காரர். சொந்தத் துப்பாக்கியைத் தொடவே பயப்படும் நகைக்கடைக்காரர். பாங்க் செக்யூரிட்டி ஒருத்தர், எக்ஸ் மிலிட்டரி. பாங்க் காவலுக்கு விலக்கு உண்டு என்பதால் அவர் எதையும் ஒப்படைக்க வேண்டாம். ஆனாலும் வந்து டீ சாப்பிட்டுவிட்டுப் போவார்! குடகுக்காரர்களுக்கு 2029 வரை லைசென்ஸே வேண்டாமாம், கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்களாம் என்று தோப்புக்காரர் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுவார். ஒப்படைக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை. எங்கள் சிநேகம் அவ்வளவுதான். எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் ஒன்று, 2006-ல் ஒன்று என்று நடந்ததோடு சரி. ஒழுங்காக நடந்திருந்தால் இன்னும் அடிக்கடி பார்த்திருப்போம்.

வாத்தியாருடையது பிரெஞ்சுத் துப்பாக்கி. சேந்த் எத்தியேனில் செய்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர் அப்பா வாங்கியது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால் ஊசுட்டேரியில் ஒரே தோட்டாவில் வாத்து சுட்ட கதையைச் சொல்வார். 2016-ல் மூன்று வாத்து. 2019-ல் ஐந்து. 2021-ல் ஏழு. எந்தக் கட்சிக்கும் இப்படி ஒரு வளர்ச்சி கிடையாது! அந்த ஏரி 2008-லேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது. "இப்ப போய்ச் சும்மா பாத்துட்டு வர்றேன். அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

வீட்டில் குழந்தை நடக்க ஆரம்பித்ததும் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "அதை சரண்டர் பண்ணிடுங்க." நியாயம்தான். வெடிக்காத துப்பாக்கி, விளையாத பயிர். 2024 மார்ச்சில் பெஞ்சில் இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வாத்தியார் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். மெலிந்து போயிருந்தார். "ஏழு கட்டமாம் தம்பி. நமக்கு மொதல் கட்டமே முடிஞ்சிடும். ஆனா ஜூன் வரைக்கும் இது உள்ளதான்" என்றார். அன்றைக்கு வாத்துக் கதை வரவில்லை. நானும் என் விஷயத்தைச் சொல்லவில்லை.

மே மாதம் தோப்புக்காரர் போன் செய்தார். வாத்தியாரின் வீட்டை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். எங்களை யாரென்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "ஸ்டேஷன்ல பழக்கம்" என்று நகைக்கடைக்காரர் சொல்ல, கேட்டவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

ஜூனில் திரும்ப வாங்கப் போனபோது, வாத்தியாரின் ரசீதோடு அவர் மகள் வந்திருந்தார். பாரிஸில் இருக்கிறார். துப்பாக்கியை வைத்துக்கொள்ள வழியில்லை, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். சரண்டர் லெட்டர் என் சட்டைப் பையிலும் இருந்தது. கொடுப்பதற்கு முன் என்னுடையதைத் துடைத்துவிடலாமென்று தையல் மெஷின் எண்ணெயும் கொண்டுபோயிருந்தேன்.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க ஸார், தொடச்சுட்டுத் தர்றோம்" என்றார் தோப்புக்காரர். ரைட்டர் எங்களைப் பார்த்தார், தலையசைத்தார்.

செக்யூரிட்டி அண்ணன் அதைப் பிரித்தார். நான் எண்ணெய் விட்டேன். தன் துப்பாக்கியையே தொடாத நகைக்கடைக்காரர், குழலைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டார். இரண்டரை மாதத்தில் லேசாகத் துருப் பிடித்திருந்தது. துணி போதாமல் தோப்புக்காரர் தோளிலிருந்த துண்டையே எடுத்துவிட்டார்.

"அப்பா நிஜமாவே ஒரே குண்டுல ஏழு வாத்து சுட்டாரா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

தோப்புக்காரர் நிமிரவேயில்லை. "ஏழா? ஒம்பதும்மா."

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சேலை மூட்டையைப் பார்த்தாள். "என்ன, சரண்டர் பண்ணலையா?"

"ரைட்டர் ரொம்ப பிஸி" என்றேன்.