கோடை விடுமுறையில் குடும்பத்தை எங்கே அழைத்துச் செல்வது?

மே மாதத்தின் பின்பாதி வந்துவிட்டால் மக்தபின் கோடைக்கால வகுப்புகள் முடியும் தறுவாயில் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு மூன்று வாரங்களே மீதி. அந்த நாள்களில் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வகையானவை. அருவிக்குப் போகலாமா? பொருட்காட்சி கூடுமா? வீரபாண்டித் திருவிழாவில் பிள்ளைகள் ராட்டினம் ஏறலாமா? எல்லாம் கூடுமா, கூடாதா என்பதோடு நின்றுவிடும். எங்கே போகலாம், யாருக்காகப் போகிறோம், போனால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்பவர் அரிது.

2023ஆம் ஆண்டு மே மாதம் கம்பத்தில் பெண்களுக்கான ஒரு பயான் முடிந்தபோது, திரைக்கு அப்பாலிருந்து வழக்கம்போல் துண்டுச் சீட்டுகள் வந்தன. ஸகாத் பற்றி இரண்டு, கழாத் தொழுகை பற்றி ஒன்று. நான்காவது சீட்டில் கேள்வியே இல்லை. "ஹஜ்ரத், நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்தொன்பது வருசம் ஆகுது. சுருளி அருவியை இன்னும் பார்க்கல" என்று மட்டும் எழுதியிருந்தது. கம்பத்திலிருந்து சுருளி அருவி பத்துக் கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பேருந்து பேருந்தாக மக்கள் வந்து குளித்துப் போகிறார்கள். அடுத்த தெருவில் இருப்பதைப் போன்ற அந்த நீரை, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு தாய் கண்ணால் கண்டதில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. அழைத்துச் செல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே.

ஹதீஸ் வகுப்பில் பலமுறை நடத்திய ஒரு செய்தி அன்று எனக்கு வேறுவிதமாக நினைவுக்கு வந்தது. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளைக் கொண்டு வீரவிளையாட்டுக் காட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவருக்கு மறைப்புச் செய்து நின்றார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவான நிகழ்ச்சி இது. இதை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் விளையாட்டைப் பார்ப்பது ஆகுமானது என்ற சட்டத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அது எப்போது முடிந்தது என்பது. நின்றவர் சலித்து அல்ல, பார்த்தவர் தாமாகச் சலித்த பிறகே அது முடிந்தது. அதுவரை அல்லாஹ்வின் தூதர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

நம் வீட்டுச் சுற்றுலாவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போவதென்றால் சனிக்கிழமை இரவே வீட்டுப் பெண்களின் வேலை தொடங்கிவிடுகிறது. தஹஜ்ஜுத் நேரத்தில் எழுந்து அடுப்பு மூட்டி, புளிச்சோறு ஒரு தூக்கு, தக்காளிச்சோறு ஒரு தூக்கு, முட்டை, தொட்டுக்கொள்ளத் துவையல், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, பெரியவர்களுக்கு மாத்திரை. அங்கே போனதும் ஆண்களும் பையன்களும் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். பெண்கள் குரங்குகளிடமிருந்து சோற்றுப் பையைக் காத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். குளித்து வந்தவர்கள் பசி என்பார்கள். பரிமாறி, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் "கிளம்புங்கள், நேரமாகிவிட்டது" என்ற குரல் வந்துவிடும். வீட்டுச் சமையலறையை வேறோர் இடத்துக்குத் தூக்கிச் சென்று திரும்புவதற்குச் சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சீட்டின் செய்தியை, எழுதியவர் யாரென்று சொல்லாமல், ஜமாஅத்தில் சிலரிடம் பேசினேன். நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் பேசின. மே 28, ஞாயிறு, சுருளி அருவி என்று முடிவாயிற்று. முந்தின நாள் காலையில் நடந்ததை இப்பள்ளத்தாக்கில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சின்னக்கானலிலிருந்து பிடித்துவந்து பெரியாறு காட்டில் விடப்பட்டிருந்த அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருக்களுக்குள் ஓடியது. 144 தடையுத்தரவு போட்டார்கள். சுருளி அருவிக்குச் செல்வதும் தடை செய்யப்பட்டது. ஜூன் 5 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகும் வரை மக்கள் அச்சத்திலேயே இருந்தார்கள். கம்பத்தில் யானையால் காயமடைந்த ஒருவர் உயிரிழந்தார். தன் காட்டை விட்டுப் பெயர்க்கப்பட்ட அந்த விலங்கின் மேலும் எனக்கு இரக்கம் உண்டு. அது தனிக்கதை.

ஏற்பாட்டைக் கைவிடலாம் என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் தரப்பிலிருந்து மறுப்பு வரவில்லை. கைவிடப்படுவது அவர்களுக்குப் பழகிய ஒன்று. அதனாலேயே கைவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அடுத்த ஞாயிறு, ஜூன் 4, யானை இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, வைகை அணைக்குப் போனோம்.

1959இல் திறக்கப்பட்ட அணை அது. 71 அடி வரை நீர் தேக்கலாம். கோடையில் நீர் குறைந்திருந்தாலும் பூங்கா நிழலாக இருந்தது. உணவு ஆண்கள் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிட்டோம். வழியில் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டோம். பரிமாறியதும் ஆண்களே. குளியல் இல்லை, ஈரத்துணியோடு புர்காவுக்குள் ஒடுங்கி நிற்கும் சங்கடமும் இல்லை. கிளம்பும் நேரத்தைப் பெண்கள் சொல்லட்டும் என்பது மட்டுமே நான் விதித்த நிபந்தனை. மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்று எண்ணியிருந்த ஆண்கள் அஸருக்குப் பிறகும் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினார். மறுகரைப் பூங்காவையும் நடந்து பார்த்துவிட்டு வந்துதான் பெண்கள் போதும் என்றார்கள். சீட்டு எழுதியவர் அந்த வேனில் இருந்தாரா என்பது எனக்கு அப்போது தெரியாது. மழைக்காலத்தில் இன்னொரு சீட்டு வந்தது: "சுருளி பார்த்துட்டேன் ஹஜ்ரத். இவ்வளவு சத்தம் இருக்கும்னு நினைக்கல."

வீரபாண்டி பற்றிய கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதக் கடைசியில் எட்டு நாள் நடக்கும் கௌமாரியம்மன் திருவிழா நம் அயலாரின் வழிபாட்டு விழா. தீச்சட்டி ஏந்தி இரவு முழுக்க நடந்து வருகிறார்கள். அந்த வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. அதை இளக்காரமாகப் பேசவும் நமக்கு உரிமையில்லை. ஆனால் தேனி–கம்பம் சாலையே வீரபாண்டி வழியாகத்தான் போகிறது. பேருந்துச் சன்னலிலிருந்து விளக்கெரியும் ராட்டினத்தைப் பார்த்துவிட்ட ஏழு வயதுப் பிள்ளைக்கு "அது நமக்கில்லை" என்ற ஒற்றை வாக்கியம் போதாது. நமக்கு உரியது எது என்று அதே மாதத்தில் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டவும் வேண்டும். காட்டாத வீட்டில் மார்க்கம் என்பது பிள்ளையின் நினைவில் ஒரு பூட்டிய கதவாக மட்டுமே தங்கிவிடும். என் மாணவர்கள் சிலரிடம் இதைக் கண்டிருக்கிறேன். பேச வேண்டிய வயதில் அவர்கள் பேசாமல் விலகிப் போனார்கள்.

காட்டுவதற்கு நம் பள்ளத்தாக்கில் என்ன இல்லை? சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே கொடி ஆண்டுக்குப் பலமுறை காய்ப்பதால் ஒரு தோட்டத்தில் இல்லாவிட்டால் மற்றொன்றில் பழம் தொங்கும். பந்தலுக்குக் கீழே குனிந்து நடப்பதே பிள்ளைகளுக்கு விளையாட்டு. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். பறித்ததை அப்படியே வாயில் போடாமல் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், மருந்து தெளித்திருப்பார்கள். இன்னும் மேலே போனால் லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895இல் முடித்த பென்னிகுக்கின் மணிமண்டபம் 2013இல் அங்கே திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வரலாற்றைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நின்று சொல்லலாம். நாம் ஒளூச் செய்யும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது என்று நான் மாணவர்களிடம் சொன்னபோது, ஒருவன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மலைப்பகுதிகள் வேறு கணக்கு. மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து ஏறும் சாலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். வயிற்றைப் புரட்டும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவதற்கு முன் யோசியுங்கள். தென்பழனி சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு. 2021 முதல் அது புலிகள் காப்பகத்தின் பகுதி. போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச் மாதம் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைவில் வையுங்கள். காய்ந்த புல்லுக்குள் இளைஞர்கள் "சும்மா ஒரு நடை" என்று கிளம்புவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. கும்பக்கரையானாலும் சுருளியானாலும், நீர்வரத்தையும் யானை நடமாட்டத்தையும் பொறுத்து வனத்துறை ஒரே நாளில் மூடும், திறக்கும். சுருளியின் சாரல் விழாவுக்கும் தேதி நிலையானதல்ல, மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும்போதுதான் உறுதி. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய அறிவிப்பை நம்பி வேன் பேசாதீர்கள். அன்றைய நாளிதழின் தேனிப் பக்கத்தைப் பாருங்கள், அல்லது சுருளிப்பட்டியில் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.

தொழுகையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வேனில் ஏறிவிட்டாலே முஸாஃபிர் ஆகிவிட்டதாகச் சிலர் கருதி கஸ்ர் செய்கிறார்கள். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி அதற்குரிய தொலைவு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். தேனியில் புறப்பட்டு லோயர் கேம்ப் வரை போனாலும் அவ்வளவு வராது. ஆகவே நான்கு ரக்அத் நான்குதான். மே கடைசியில் லுஹர் நேரம் 12.20 அளவில் தொடங்குகிறது, மஃரிப் 6.35 அளவில். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று சாலை நெடுகப் பள்ளிவாசல்கள் இருப்பதால் ஆண்களுக்குச் சிரமமில்லை. பெண்களுக்கு எங்கே இடம் என்று முன்கூட்டியே விசாரிப்பது வேன் பேசுபவரின் கடமை. இடம் இல்லாத ஊரில் உறவினர் வீடு ஒன்றைச் சொல்லி வையுங்கள். கழிப்பறையும் அப்படியே. இதை விசாரிக்காமல் கிளம்பியதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களை நான் அறிவேன்.

வேன் பேச வசதியில்லாத குடும்பங்களுக்கு ரயிலைச் சொல்கிறேன். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, தேனி வரை 2022 மே மாதமும் போடி வரை 2023 ஜூன் மாதமும் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ரயிலைப் படத்தில்தான் பார்த்தார்கள். போடியில் ஏறித் தேனியில் இறங்கினாலும் பயணம் பயணமே. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கும்போது பார்க்க வேண்டுமென்றால் உசிலம்பட்டி வரை சீட்டு வாங்குங்கள். சென்ற முறை சன்னலோர இருக்கைகளைப் பையன்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். எழுப்பிவிட்டு, முதலில் நன்னிமார்களை உட்கார வைத்தோம். அவர்களில் ஒருவர் உசிலம்பட்டி வந்தும் இறங்க மனமில்லாமல், இது மதுரைக்குத்தானே போகிறது, அதுவரை போனால் என்ன என்று கேட்டார். எழுந்து போய் மீதித் தொலைவுக்குச் சீட்டு வாங்கி வந்தேன்.