கறுப்பைக் குறைத்தால் பயம் கூடும்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டிய சிறு அச்சுக்கடைகளுக்குச் சோறு போடுபவை கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும்தான். காட்சித் தொடர்பியல் மாணவர்கள் புராஜெக்டாகச் செய்யும் பேய் இதழ் எப்போதாவது வரும் வேலை. அட்டை முதல் கடைசிப் பக்கம்வரை கறுப்பு, அதன்மேல் ரத்தம் சொட்டும் எழுத்து என்பதே அத்தகைய இதழ்களின் பொது முகம். அச்சுத் தொழிலாளர்களின் வேலையைக் கவனித்தபின் நான் சொல்ல வருவது இது: திகில் இதழின் பயம் பக்கங்களை அடுக்கும் முறையில் இருக்கிறது, மையை அள்ளிக் கொட்டுவதால் வருவதில்லை.

முதல் சான்றை இயந்திரமே தருகிறது. வண்ண அச்சுக்கான நான்கு மைகளையும் முழுதாகப் போட்டால் கூட்டுத்தொகை 400 சதவீதம். ஆர்ட் பேப்பரே ஏறத்தாழ 300ஐத் தாண்டினால் திணறும். காயாத மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். கறுப்புக்குள் வெள்ளையாக விட்ட சிறு எழுத்தில் சுழிகள் அடைபடும், புள்ளிகள் மறையும். எழுத்தின் அடியில் சொட்டவிடும் ரத்தமோ உகரக் குறிகளோடு கலந்து வாசிப்பைக் குழப்பும். இரண்டாவது சான்று பைண்டரிடம் இருக்கிறது. நடுவில் பின் அடிக்கும் இதழின் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும் என்பதால், வெற்றுத்தாளை மடித்து, பக்க எண் போட்டு முதலில் ஒரு டம்மி செய்வார்கள். அதைப் புரட்டினாலே புரியும். வலப்பக்கத்தில் வைத்த பேய் முகம், எதிரிலுள்ள கதையைப் படிக்கத் தொடங்கும்போதே கண்ணில் பட்டுவிடும். தாளைத் திருப்பியதும் வரும் இடப்பக்கத்தில் வைத்தால்தான் அதுவரை ஒளிந்திருக்கும்.

பாக்கெட் நாவல்களின் அட்டைகள் அலறவில்லையா என்று கேட்கலாம். ஓவியர் ஷ்யாம் வரைந்தவை உட்படப் பல அட்டைகள் பளீரென்றுதான் இருந்தன. பேருந்து நிலையக் கடையில் தொங்கும் புத்தகம் தூரத்திலிருந்தே ஆளைக் கூப்பிட வேண்டும். அது அட்டையின் வேலை. உள்ளே மலிவான தாளில் வெறும் எழுத்தை வைத்தே எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் வாசகரைப் பயமுறுத்தினார். அதே ஷ்யாமின் ஓவியங்களோடு சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2010இல் வெளியிட்ட 'குமரி லவ்ஸ் எ மான்ஸ்டர்' என்ற நூல் அரக்கர்களை முழுதாகக் காட்டுகிறது. அங்கே விளைவது குறும்பு. முழுதாகத் தெரிந்த பூதத்தோடு சிரித்துப் பழகிவிடலாம்.

மாணவருக்குத் திகில் விஷயமே ஆகாது என்பது இன்னொரு வாதம். இளையோருக்குக் கேடான வெளியீடுகளைத் தடுக்கும் 1956ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 20 வயதுக்குக் குறைந்தவர்களை மனத்தில் வைத்தது. கல்லூரி மாணவர் பலர் அந்த வயதினரே. ஆனால் அச்சட்டமும் கொடூரக் காட்சி இருப்பதாலேயே ஓர் இதழைக் குற்றம் சொல்வதில்லை. அது முழுமையாகப் பார்த்தால் இளையோரைக் கெடுக்கும் போக்குடையதா என்றே கேட்கிறது. முழுமையாகப் பார்ப்பது ஆசிரியருக்கும் பொருந்தும். கணினித் திரையில் தனித்தனிப் பக்கத்தைக் கண்டு மதிப்பெண் போட்டால் அட்டைகள்தான் மிஞ்சும். டம்மிக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்கி, அச்சான பிரதியைப் புரட்டி மீதியைப் போட்டால், பூந்தமல்லி பைண்டரின் பாடம் வகுப்பறைக்கும் வந்து சேரும்.